கருமம் என்றால் வேலை

'கருமம், கருமம்' என்று தலையில் அடித்துக்கொள்ளும்போது யாரும் வேலையை நினைப்பதில்லை. ஆனால் தமிழுக்குள் இந்தச் சொல் வேலையாகத்தான் நுழைந்தது. வடமொழிக் 'கர்ம'த்தின் வேர் 'கிரு', அதாவது செய்தல். ஒருவர் பெரியவரா சிறியவரா என்று உரசிப் பார்க்கும் கல் அவரவர் கருமமே என்கிறார் வள்ளுவர். விதியைப் பேச அவருக்கு 'ஊழ்' என்று தனி அதிகாரம் உண்டு. அந்தப் பத்துக் குறளில் கருமம் என்ற சொல்லே கிடையாது. பாகதக் 'கம்ம' வழியே வந்த கம்மியரும் கம்மாளரும் கைத்தொழில்காரர்கள்தாம்.

இலங்கையின் ஊவா மாகாணத்தில் இதன் சிங்கள உறவுகளும் காதில் விழும். தொழிலாளி அங்கே 'கம்கரு', கம்மம் செய்கிறவர். அதே மொழியில் 'கருமே' என்றால் பீடை, பழைய பாவம் வந்து விடிந்தது. ஒரே வேர் ஒரு பக்கம் உழைப்பாகவும் மறுபக்கம் தலையெழுத்தாகவும் பிரிந்துபோனது தமிழில் மட்டும் நடந்த கதையல்ல.

அங்குள்ள தேயிலைத் தோட்டத்துத் தமிழில் அது இன்னொரு கிளையும் விட்டது. யாழ்ப்பாணத்தில் அந்தியேட்டி என்று கேட்கிற இடத்தில், தமிழ்நாட்டிலிருந்து வந்த மலையகத்தார் கருமாதி என்பார்கள். செத்தவருக்குச் செய்து முடிக்க வேண்டிய கடமை அது. இந்தச் சொல்லில் கருமம் 'செய்வது' என்ற பழைய பொருளை விடாமல் பிடித்திருக்கிறது. அன்றாட உழைப்புக்கு வேறு சொல் வந்துவிட்டது: பேர். காலையில் பிரட்டு என்கிற ஆள்கணக்குக்கு நின்று, மலையேறிக் கொழுந்தெடுத்து, தராசில் கிலோ தேறினால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் கூலி. தேறாவிட்டால் அரைப்பேர். 2013 கூட்டு ஒப்பந்தப்படி அடிப்படை நாட்கூலி 450 ரூபாயாக இருந்தது. வரவு 75 சதவீதம் இருந்தால் மேலே 140 கிடைத்தது.

இந்தக் கணக்குக்குப் பக்கத்தில் கீதையின் கர்ம யோகத்தை வைத்துப் பார்க்க வேண்டும். பலனில் பற்று வைக்காமல் வேலையைச் செய் என்ற உபதேசத்தைக் கேட்டவன் தேரில் இருந்த அரசகுமாரன். துறப்பதற்கு அவனுக்கு ஒரு ராஜ்ஜிய உரிமையாவது இருந்தது. அரைப்பேருக்கு நிற்கிறவளிடம் போய் இதைச் சொல்வது யோகம் ஆகாது, வசதி. யாருக்கு வசதி என்பது வேறு பேச்சு.

1927 நவம்பரில் இலங்கை வந்த காந்தி ஊவாவின் பதுளைக்கும் வந்தார். ஈராண்டு கழித்து, கௌசானியில் இருந்தபடி தன் கீதை மொழிபெயர்ப்பான அனாசக்தி யோகத்துக்கு முன்னுரை எழுதினார். அதில் ஓர் இடம் பலர் கண்ணில் படுவதில்லை. பலனைத் துறப்பது என்றால் விளைவைப் பற்றி அக்கறையில்லாமல் இருப்பதல்ல. என்ன விளையும், அதற்கு வழி என்ன, தன்னால் முடியுமா என்று தெரிந்துகொண்டே செய்ய வேண்டும் என்கிறார். அப்படிப் பார்த்தால் கர்ம யோகம் முதலில் பொருந்த வேண்டியது அதிகாரம் உள்ளவர்களுக்கு.

அதே ஊவாவில், கொஸ்லந்தைப் பக்கத்து மீரியபெத்த தோட்டத்தில் 2014 அக்டோபர் 29 காலை ஏழரை மணியளவில் மலை சரிந்து, தொழிலாளர் குடியிருந்த லயங்களை மூடியது. வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அதற்குள் கிளம்பிப் போயிருந்தவர்கள் தப்பினார்கள். மண்ணுக்குள் போன பலரின் உடல் கிடைக்கவேயில்லை. எதை வைத்துக் கருமாதி செய்வது என்பதே வீட்டாருக்குக் கேள்வியானது. 'எல்லாம் நம்ம கருமம்' என்று அவர்கள் சொன்னால் அது ஆறுதல். வெளியாள் சொன்னால் அது தப்பித்தல். ஏனென்றால் இந்த மலை சரியும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-லும் 2011-லும் எச்சரித்திருந்தது. ஆட்களை இடம் மாற்றுவது என்கிற கருமம் ஒன்று பாக்கி இருந்தது. அது ஊழ் அல்ல, ஒரு கோப்பு.

தப்பியவர்களில் பல குடும்பங்கள் மாக்கல்தெனியாவில் பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள் முகாமிட்டு நாளைக் கடத்தின. 75 வீடுகள் கட்டிக் கையளிக்கப்பட்டபோது 2016 ஆகிவிட்டது.