ஓடிக் கடந்த நூற்றாண்டு - 9: குடியானவர்கள் தொடங்கிய மாரத்தான்

பாஸ்டன் நகரம் 1897 ஏப்ரல் 19 அன்று நடத்திய முதல் மாரத்தானில் ஓடியவர்கள் பதினைந்தே பேர் என்று சென்ற வாரம் பார்த்தோம். ஆண்டுதோறும் நடக்கும் நகர மாரத்தான்களில் உலகிலேயே பழையது அது. நம் நாட்டுக் கதையும் ஒரு நகரத்தில்தான் தொடங்குகிறது. ஆனால் ஓடியவர்கள் நகரத்தார் அல்லர்.

புனேயில் டெக்கான் ஜிம்கானா என்றொரு விளையாட்டு மன்றம். தலைவர் சர் தொராப்ஜி டாடா. 1919-இல் அந்த மன்றம் நடத்திய விளையாட்டு விழாவில் நெடுந்தூர ஓட்டத்துக்கு வந்து நின்றவர்களில் பெரும்பாலோர் கிராமத்து விவசாயிகள். வெறுங்கால். முறையான பயிற்சி எதையும் கண்டவர்கள் இல்லை. ஆனாலும் அவர்கள் ஓடி முடித்த நேரம் ஐரோப்பிய வீரர்களின் நேரத்தை நெருங்கியிருப்பதைக் கண்டு டாடா அசந்துபோனார். பத்தாண்டு கழித்து, சர்வதேச ஒலிம்பிக் குழுவின் தலைவருக்கு எழுதிய கடிதத்திலும் இதை மறக்காமல் குறிப்பிட்டார்.

கைதட்டிப் பாராட்டிவிட்டு அவர் வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. மறு ஆண்டே புனேயில் தேர்வுப் போட்டி நடந்தது. டாடா தன் கைப்பணத்தையும் போட்டு, 1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்குக்கு நான்கு தடகள வீரர்களையும் இரண்டு மல்யுத்த வீரர்களையும் கப்பலேற்றினார். அவர்களில் ஒருவர் பதேப்பா சௌகுலே. அந்த ஆண்டு மாரத்தான் பாதை 42.75 கிலோமீட்டர், ஒலிம்பிக் மாரத்தான்களிலேயே நீளமானது. பின்லாந்தின் ஹான்னஸ் கோலமைனன் 2 மணி 32 நிமிடத்தில் வென்றார். சௌகுலே 2 மணி 50 நிமிடத்தில் பத்தொன்பதாவதாக வந்தார். இந்தியாவின் முதல் ஒலிம்பிக் மாரத்தானில் இந்த இடம் எவ்வளவு பெரியது என்பதை நம் பாடப்புத்தகங்கள் இன்னும் சரியாகச் சொல்லவில்லை என்பது என் ஆதங்கம்.

அரை நூற்றாண்டுக்குப் பிறகும் வெறுங்கால் விடவில்லை. பீகாரின் பக்சர் பகுதியில் பிறந்து ராணுவத்தில் சேர்ந்த சிவநாத் சிங், 1976 மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் காலணியின்றி ஓடி பதினோராவது இடம் பிடித்தார். 1978-இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் ஓடினார். அந்தத் தேசிய சாதனை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அப்படியே நின்றது.

1983-இல் அதே புனே ஆண்டுதோறும் நடக்கும் சர்வதேச மாரத்தானைத் தொடங்கியது. பெரிய பணமும் தொலைக்காட்சியும் வந்து சேர்ந்தது 2004 பிப்ரவரியில், மும்பையில். அதன் பிறகுதான் மென்பொருள் ஊழியர்களும் வங்கிக்காரர்களும் மருத்துவர்களும் விடிகாலையில் ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். சென்னையில் 2006-இல் உருவான ‘சென்னை ரன்னர்ஸ்’ குழு 2012 டிசம்பரில் நகர மாரத்தானைத் தொடங்கியது. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் பெருகிவிட்ட நகரத்துக்கு அது நல்ல காரியம். அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

ஆனால் தொராப்ஜி டாடா கண்டெடுத்தாரே, அந்த ஓட்டக்காரர்களின் வாரிசுகள் இன்று எங்கே?

பீங்கான் தொழிலுக்குப் பேர்போன விருத்தாசலம் போன்ற ஊர்களில் தேடுங்கள். அங்கே விடியுமுன் ஓடும் இளைஞர்களுக்கு மாரத்தானின் 42.195 கிலோமீட்டர் என்ற எண் மனப்பாடம் இருக்காது. 1,500 மீட்டர், ஏழு நிமிடம் என்பது தூக்கத்திலும் தெரியும். அது இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்களுக்கான கணக்கு. வேலை கிடைத்தால் பலரின் ஓட்டம் அங்கேயே முடிந்துவிடும். வயது வரம்பு தாண்டினாலும் அப்படித்தான். சென்னையில் முழு மாரத்தான் விடிகாலை நான்கு மணிக்கெல்லாம் தொடங்கிவிடும். விருத்தாசலத்துப் பையன் ஒருவன் அதில் ஓட வேண்டுமானால் முந்தைய நாளே ரயிலேறி, இரவு தங்க இடம் பிடித்து, நுழைவுக் கட்டணமும் கட்டியிருக்க வேண்டும்.

மாரத்தான் நடத்துகிறவர்கள் மாவட்டந்தோறும் ஒரு தேர்வு ஓட்டம் வைக்கட்டும். முந்தி வருகிற சிலருக்குப் பயணச் செலவையும் கட்டணத்தையும் ஏற்கட்டும். 1920-இலேயே ஒருவர் செய்து காட்டிய வேலைதான் இது; விளம்பரதாரர்கள் வரிசையில் நிற்கும் இந்தக் காலத்தில் முடியாததா?

(அடுத்த வாரம்: 1951 டெல்லி ஆசிய விளையாட்டு மாரத்தானில் தங்கம் வென்ற சோட்டா சிங்)