பாட்ரிக் பிரான்ட்டேயின் மரணமும் உயிலும்

பாட்ரிக் பிரான்ட்டே (17 மார்ச் 1777 – 7 ஜூன் 1861) இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியிலுள்ள மலைக் கிராமமான ஹாவர்த்தில் 41 ஆண்டுகள் ஆங்கிலிக்கன் குருவானவராக இருந்தவர். அயர்லாந்தில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பத்துப் பிள்ளைகளுக்கு மூத்தவராகப் பிறந்தார். கேம்பிரிட்ஜில் படித்துக் குருப்பட்டம் பெற்றார். சார்லட், எமிலி, ஆன் என்ற மூன்று நாவலாசிரியைகளின் தந்தை என்றே உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. அவர் கண்மூடியபோது மூவரில் ஒருவரும் உயிரோடு இல்லை.

மனைவி மரியா 1821-இல் இறந்தார். மூத்த பெண்கள் இருவர் 1825-இல், ஆறு வார இடைவெளிக்குள். மகன் பிரான்வெல்லும் எமிலியும் 1848-இல், ஆன் 1849-இல். கடைசியாக எஞ்சியிருந்த சார்லட் 1855 மார்ச் 31 அன்று, திருமணமாகி ஓராண்டு நிறைவதற்குள் போய்விட்டார். அதன்பின் மூன்று மாதம்கூட ஆகவில்லை, 1855 ஜூன் 20 அன்று, 78 வயதில் பாட்ரிக் தம் உயிலை எழுதினார்.

உயில் மிகச் சிறியது. அயர்லாந்திலிருந்த உடன்பிறந்தார் அனைவருக்கும் சேர்த்து 40 பவுண்டு. அதைத் தம்பி ஹியூ பகிர்ந்தளிக்க வேண்டும். அவர்களுக்கு முன்பே கணிசமான தொகைகள் கொடுத்திருப்பதாக ஒரு குறிப்பும் உண்டு. வேலைக்காரி மார்த்தா பிரவுனுக்கு 30 பவுண்டு. மீதமுள்ள அசையும் சொத்து, அது எவ்வகையானதாயினும், மருமகன் ஆர்தர் பெல் நிக்கல்ஸுக்கு முழு உரிமையாகச் சேர வேண்டும். உயிலை நிறைவேற்றும் பொறுப்பும் அவர் ஒருவருக்கே.

ஆறு பிள்ளைகளைப் பெற்றவரின் உயிலில் ஒரு பிள்ளையின் பெயரும் இல்லை. மார்த்தாவின் பங்கைச் சொல்லும் இடத்தில் மட்டும், தமக்கும் தம் பிள்ளைகளுக்கும் அவர் நெடுங்காலம் உண்மையாக உழைத்ததற்காக என்று எழுதியிருக்கிறார். சமையற்கட்டில் நின்ற பெண்ணுக்கு நன்றி சொல்லும் சாக்கில்தான் அந்தப் பிள்ளைகள் அந்தத் தாளுக்குள் வருகிறார்கள். 19-ஆம் நூற்றாண்டு உயில்களில் இதைப் போல மனத்தைப் பிசையும் வரிகள் அதிகம் இருக்காது.

சாட்சிக் கையெழுத்திலும் கவனிக்க ஒன்று உண்டு. 1837-ஆம் ஆண்டின் உயில் சட்டப்படி இரண்டு சாட்சிகள் வேண்டும். சாட்சி போடுபவருக்கு உயிலில் கொடை இருந்தால் அந்தக் கொடை செல்லாது. சில மாதங்களுக்கு முன் சார்லட்டின் உயிலுக்குத் தந்தையும் மார்த்தாவும் சாட்சியாக இருந்தார்கள். அவர்களுக்கு அதில் பங்கில்லை என்பதால் தடையும் இல்லை. தந்தையின் உயிலில் மார்த்தாவுக்குப் பணம் உண்டு. அதில் ஜோசப் ரெட்மனும் மார்த்தாவின் தங்கை எலைசாவும் கையெழுத்திட்டார்கள்.

மருமகனுக்கே எல்லாம் என்பது லேசில் வந்த முடிவல்ல. நிக்கல்ஸ் 1845 முதல் பாட்ரிக்கின் உதவிக் குருவானவர். 1852 டிசம்பரில் அவர் சார்லட்டைப் பெண் கேட்டபோது பாட்ரிக் கொதித்தெழுந்தார். சொற்பச் சம்பளம் வாங்கும் உதவிக் குருவுக்கா புகழ்பெற்ற என் மகள் என்ற சீற்றம் அது. 1854 ஜூனில் நடந்த திருமணத்தில் மகளைக் கைப்பிடித்துக் கொடுக்கவும் அவர் போகவில்லை. சார்லட்டின் பழைய ஆசிரியை அந்தக் கடமையைச் செய்தார். திருமணத்துக்கு முன் எழுதிய ஒப்பந்தம், சார்லட் பிள்ளையில்லாமல் இறந்தால் பணம் தந்தைக்குத் திரும்பும்படி அமைந்திருந்தது. ஆனால் மரணப்படுக்கையில் சார்லட் எழுதிய உயில், அதே நிலையில் எல்லாவற்றையும் கணவருக்குக் கொடுத்தது. மாமனாரைக் கடைசிவரை கவனித்துக்கொள்வதாகக் கொடுத்த வாக்கை நிக்கல்ஸ் காப்பாற்றினார். ஆறு ஆண்டுகள், மனைவி இல்லாத அந்த வீட்டில், கிழவருக்குத் துணையாகவும் சேகரத்தின் வேலை முழுவதையும் சுமப்பவராகவும் இருந்தார்.

1861 ஜூன் 7 பிற்பகலில் பாட்ரிக் இறந்தார், வயது 84. ஜூன் 12 அன்று அடக்கம். ஹாவர்த்தின் கடைகள் அடைக்கப்பட்டன. சுற்றுவட்டாரக் குருமார் ஆறு பேர் பெட்டியோடு நடந்தார்கள். சுகாதாரக் காரணங்களால் அங்கே புதிய அடக்கங்கள் முன்பே நிறுத்தப்பட்டிருந்ததால், தேவாலயத்துக்குள் இருந்த குடும்பக் கல்லறையில் அவரை வைக்கத் தனி அனுமதி பெற வேண்டியிருந்தது. ஆன் மட்டும் ஸ்கார்பரோ கடற்கரை ஊரில் கிடக்கிறார். அவரைத் தவிர அத்தனை பிள்ளைகளும் தாயும் இருந்த இடம் அது.

சார்லட்டின் உயில் யார்க் நகரத் திருச்சபை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்டது. 1858 ஜனவரியில் உயில் வழக்குகள் திருச்சபையின் கையிலிருந்து அரசின் புரோபேட் நீதிமன்றத்துக்கு மாறின. எனவே, வாழ்நாளெல்லாம் திருச்சபைக்கு உழைத்தவரின் உயில் அரசு நீதிமன்றத்துக்குப் போயிற்று.

வீடு உயிலில் இல்லை, இருக்கவும் முடியாது. குருமனை பதவியோடு வருவது, பதவியோடு போவது. கிராமத்துக் குருவானவர் இறந்தால் அவர் குடும்பம் துக்கத்தோடு மூட்டைமுடிச்சையும் கட்ட வேண்டும். அந்தப் பதவி நிக்கல்ஸுக்கே வரும் என்று பலரும் நினைத்தார்கள். ஆனால் ஹாவர்த் தேவாலய அறங்காவலர்கள் ஜான் வேட் என்பவரைத் தேர்ந்தார்கள். பதினாறு ஆண்டு உழைத்தவருக்கு அந்த ஊர் செய்தது நியாயமல்ல.

அக்டோபர் தொடக்கத்தில் குருமனைச் சாமான்கள் ஏலம் போயின. மொத்த வரவு ஏறத்தாழ 115 பவுண்டு. மூன்று சகோதரிகளும் சுற்றி அமர்ந்து எழுதிய சாப்பாட்டு மேசையும் அதில் போயிற்று. மேல்பலகையில் மைக்கறைகள், நடுவில் மெழுகுவர்த்தி சுட்ட தழும்பு, ஓரிடத்தில் கீறிய சின்ன ஆங்கில ‘E’ எழுத்து. 2015-இல், அருங்காட்சியகமாகிவிட்ட அதே வீட்டுக்கு அந்த மேசையைத் திரும்ப வாங்க 5,80,000 பவுண்டு ஆயிற்று.

உயிலின் உண்மையான செல்வம் ‘எவ்வகையானதாயினும்’ என்ற சொல்லுக்குள் மறைந்திருந்தது. சார்லட்டின் உயில்வழி வந்தவற்றோடு கையெழுத்துப் படிகள், கடிதங்கள், உடைகள், படங்கள் எல்லாம் நிக்கல்ஸிடம் சேர்ந்தன. கொஞ்சம் ஏற்கெனவே குறைந்திருந்தது. மகளின் கையெழுத்தைக் கேட்டு முன்பின் தெரியாதவர்கள் எழுதும்போதெல்லாம் பாட்ரிக் மறுக்கத் தெரியாமல், சார்லட் தமக்கு எழுதிய கடிதங்களைச் சில வரி அகலத் துண்டுகளாக வெட்டி அனுப்பிவந்தார். இன்று ஒரு கடிதத்தை முழுதாகப் படிக்க, வெவ்வேறு நாடுகளுக்குப் போன துண்டுகளை ஒட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நிக்கல்ஸ் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அயர்லாந்தின் பனாகர் ஊருக்குப் போனார். மீண்டும் குருத்துவப் பணி ஏற்கவில்லை, விவசாயம் பார்த்தார், 1864-இல் உறவுப் பெண்ணான மேரி அன்னா பெல்லை மணந்தார். மார்த்தா அங்கே போய் அவர்களோடு தங்குவதுண்டு. 1906-இல் நிக்கல்ஸ் இறந்தபின் எஞ்சிய பொருள்கள் லண்டன் ஏலங்களில் சிதறின. 1914-இல் அவர் வீட்டு அலமாரியின் மேல், மடித்துவைத்த ஓவியத் துணி ஒன்று கிடைத்தது: பிரான்வெல் தீட்டிய மூன்று சகோதரிகளின் படம். நடுவே தம்மை வரைந்திருந்த இடத்தைத் தூணாகப் பூசி மறைத்திருந்தார் பிரான்வெல். லண்டன் தேசிய உருவப்பட அரங்கில் தொங்கும் அந்தப் படத்தில், மடிப்பு விழுந்த கோடுகள் இன்னும் அந்த முகங்களைச் சுற்றி அப்படியே இருக்கின்றன.