கையெழுத்தில்லாத விலக்கு

"ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம் வேல செய்வீங்க பாட்டி?" என்று ஒருமுறை கேட்டேன். "மணியா? பால் நிக்கிற வரைக்கும் வேல. மழ வந்தா வேலயும் இல்ல, கூலியும் இல்ல" என்றார். சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டமொன்றில் முப்பது வருடத்துக்கு மேல் மரம் வெட்டியவர். அவருக்கு மணிக்கணக்குத் தெரியாது என்றுதான் அன்று நினைத்தேன். வேலை நேரச் சட்டங்களின் வரலாற்றைப் படித்த பிறகே, பாட்டி எவ்வளவு சரியாகச் சொல்லியிருக்கிறார் என்பது புரிந்தது.

நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்ற அளவை 1919இல் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு தன் முதல் உடன்படிக்கையாகவே கொண்டுவந்தது. அது தொழிற்சாலை, சுரங்கம், கட்டுமானம் போன்ற தொழில்களுக்கானது. விவசாயம் அதில் இல்லை. மலாயாவை ஆண்ட பிரிட்டனோ அந்த உடன்படிக்கையை ஏற்கவே இல்லை. ஆக, உலகம் எட்டு மணி நேரத்தைப் பேசத் தொடங்கிய காலத்தில் பால்மரக் காடு அந்தப் பேச்சுக்கு வெளியே நின்றது.

ஆனால் தொழிலாளர்கள் நேரத்தைப் பற்றிப் பேசாமல் இல்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற வேலைநிறுத்தத்தை நாம் பெரும்பாலும் ஒரு காட்சியாகவே நினைவில் வைத்திருக்கிறோம்: துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க மாட்டோம் என்றது. அதே கோரிக்கைப் பட்டியலில் பத்து முதல் பன்னிரண்டு மணி நேர வேலை நாளை ஒழிக்க வேண்டும் என்பதும் இருந்தது. நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள்.

போருக்குப் பின் சங்கங்கள் மீண்டும் எழுந்தன. 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் அருகே மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட, அவசரகாலம் வந்தது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனம் அதே மாதத்தில் முடங்கியது. அதன் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி 1949 மே 4ஆம் தேதி தூக்கிலிடப்பட்டார். கேட்டவர்கள் அகற்றப்பட்ட பிறகுதான் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் இயற்றப்பட்டது. அது 1957 ஜூன் 1இல் நடப்புக்கு வந்தது. பின்னர் வந்த திருத்தங்களோடு அதில் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி, வாரம் ஒரு நாள் ஓய்வு என்பவை நிலைபெற்றன.

சட்டம் மணியை எண்ணியது. கூலியோ மரத்தையும் பாலையும் எண்ணியது. வெயில் ஏறினால் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால்தான் விடியும் முன்னே பெரட்டு. ஒருவருக்கு நானூறு, ஐந்நூறு மரம் என்று நிரை கொடுத்துவிடுவார்கள். மேட்டுக்காட்டில் அதை முடிக்க எவ்வளவு நேரமாகும் என்பது உடம்பையும் வயதையும் பொறுத்தது. முடிக்க முடியாதவர்கள் பிள்ளைகளைக் கூட்டிப் போனார்கள். மங்கு துடைப்பது, ஒட்டுப்பால் பொறுக்குவது, வாளி தூக்குவது. என் அம்மாவும் போயிருக்கிறார். கணக்குப் புத்தகத்தில் பாட்டியின் பேர் மட்டும் இருந்தது. அம்மாவின் மணிகள் யார் கணக்கிலும் இல்லை. பள்ளிக்கூடத்தில் மட்டும் 'வரவில்லை' என்று பதிவானது.

பிரிட்டனில் 1998 முதல் சராசரியாக வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு உண்டு. விரும்பும் தொழிலாளி எழுதிக் கையெழுத்திட்டு அதிலிருந்து விலகிக்கொள்ளலாம். மலேசியச் சட்டத்தில் அந்தக் கதவு கிடையாது. சட்டத்தைவிடக் குறைவான சலுகை தரும் ஒப்பந்த நிபந்தனை 7ஆம் பிரிவுப்படி செல்லாது. காகிதத்தில் பார்த்தால் நம் சட்டமே உறுதியானது. ஆனால் பாட்டியிடம் யாரும் கையெழுத்துக் கேட்கத் தேவைப்படவில்லை. கூலிமுறையே அவரைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்திவிட்டது.

இது பழங்கதை இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனையாகியும், வீடமைப்புப் பகுதிகளாகியும் போனபின் பலர் ஈப்போவுக்கு வந்தார்கள். என் மாமா அங்கே ஜாகா வேலை பார்க்கிறார். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். 2023 ஜனவரி 1 முதல் வார வரம்பு 45 மணியாகக் குறைந்திருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். சிரித்தார்.

கூடுதல் நேர வேலைக்கான உச்சவரம்பு மாதத்துக்கு 104 மணி. எட்டு மணிக்கு மேல் தினம் 4 மணி, மாதம் 26 நாள்: பெருக்கிப் பாருங்கள், சரியாக 104 வரும். வார வரம்பு 48 மணியாக இருந்தவரை, பன்னிரண்டு மணி நேர நாள் சட்டத்தை மீறாமலேயே அதற்குள் உட்கார்ந்துகொண்டது. 1941இல் ஒழிக்கச் சொன்ன அதே பன்னிரண்டு. வித்தியாசம் இருக்கிறது, மறுக்கவில்லை: அந்த நான்கு மணிக்கு இன்று ஒன்றரை மடங்கு கூலி கேட்க உரிமை உண்டு. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஆனால் அந்த ஒன்றரை மடங்கு இல்லாமல் குடும்பம் ஓடாது என்றால், அதை விருப்பம் என்று எப்படிச் சொல்வது?

"ஓ.டி. வேணாம்னு சொல்லலாமே மாமா?" என்றேன்.

"சொல்லலாம்பா. எட்டு மணி சம்பளத்துல வாடகையும் காடிக் காசும் கட்டிட்டு, மிச்சத்த நீ குடுக்குறியா?"

பாட்டிக்குப் பால் நிற்கும்வரை வேலை. மாமாவுக்கு, கடன் நிற்கும்வரை.