கூட்டம் தங்கும் கடற்கரை வீடு: கிழக்குக் கடற்கரைச் சாலையில் மணலும் நீரும் சட்டமும்

1. ஆய்வுப் பொருள்

திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் வரை, கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கடலுக்கும் நடுவே வாடகைக்குக் கிடைக்கும் கடற்கரை வீடுகள் பலவகை. இக்கட்டுரை அவற்றுள் ஒரு வகையை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஐந்து முதல் பத்து அறைகள், நீச்சல் குளம், புல்வெளி, நேரே மணலில் இறங்கும் பின்வாசல் என்று அமைந்து, முப்பது நாற்பது பேர் கொண்ட ஒரே குழுவுக்கு முழு வீடும் விடப்படும் சொகுசு வீடு அது. மக்கள் வழக்கில் ‘ஈசிஆர் பீச் ஹவுஸ்’.

இவ்வீட்டால் கரைக்கு ஏற்படும் சுமை எவ்வளவு என்பதைச் சதுர அடி காட்டாது, மாடிகளின் எண்ணிக்கையும் காட்டாது; ஓர் இரவில் அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே காட்டும். கட்டட அனுமதியோ பரப்பையும் உயரத்தையும் பார்க்கிறது, தலைக்கணக்கைப் பார்ப்பதில்லை. இந்த இடைவெளியின் விளைவுகளே இங்கு ஆராயப்படுகின்றன.

முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இத்தகைய வீடு வீண் ஆடம்பரம் என்பது என் கருத்தல்ல. முற்றமும் திண்ணையும் வைத்த பெரிய வீடுகள் போய், சித்தப்பா ஒரு ஊரிலும் அத்தை ஒரு நாட்டிலுமாகக் குடும்பங்கள் சிதறிவிட்டன. அறுபதாம் கல்யாணத்துக்கோ பள்ளித் தோழர்கள் இருபத்தைந்து ஆண்டு கழித்துக் கூடுவதற்கோ எல்லோரும் ஒரே கூரையின்கீழ் படுத்து எழ ஓர் இடம் வேண்டும். ஓட்டலில் எடுக்கும் பத்து அறைகள் பத்துக் கதவுகள்தான். கூடத்தில் பாய் விரித்து விடிய விடியப் பேசுவதை அவற்றால் தர முடியாது. தேவை உண்மையானது. ஆகவேதான் அதை எந்த மண்ணின்மேல், என்ன கணக்கில் நிறைவேற்றுகிறோம் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

2. கரை மனையான வரலாறு

ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியபோது அது ஊருக்கு வெளியே கிடந்த மணற்காடு. 1970-களில் கோவளத்தில் பழைய கோட்டை இருந்த இடத்தில் நட்சத்திர ஓட்டல் வந்தது. 1984-இல் முட்டுக்காட்டில் படகுக் குழாமும், 1996-இல் தட்சிணசித்ராவும் வந்தன. ஆனாலும் இரண்டாயிரத்துக்குப் பிறகு சாலை அகலமாகிச் சுங்கச் சாலையான பின்னரே கரையின் விலை மாறியது. மாநகரின் வேலை நாளுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணி நேரத் தொலைவுதான் என்றானதும் சவுக்குத் தோப்புகள் மனைகளாயின.

3. கட்டடம்

வெளியிலிருந்து பார்த்தால் அது ஒரு பெரிய வீடு. உள்ளே போனால் வேறு கணக்கு தெரியும். படுக்கையறைகளின் பரண்களில் மெத்தைகள் அடுக்கிக் கிடக்கும். இரவு ஒன்பது மணிக்கு மேல் அவை கூடத்திலும் மாடி வராந்தாவிலும் இறங்கும். சமையலறை சிறியது, சமையலும் அங்கே நடப்பதில்லை. கொல்லைப்புறத்தில் தகரக் கொட்டகையின்கீழ் சமையல்காரர் அண்டாவை ஏற்றுகிறார். பிரியாணி அண்டாவைக் கழுவிய எண்ணெய்த் தண்ணீர் அங்கிருக்கும் சாக்கடை வாய் வழியாகக் குளியலறைக் கழிவோடு ஒரே தொட்டிக்குப் போகிறது. ஞாயிறு காலை பத்து மணிக்குள் அத்தனை பேரும் குளித்தாக வேண்டும். காவலாளி மாடியேறி சின்டெக்ஸ் தொட்டியை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு மோட்டாரைப் போடுகிறார், அரைமணி கழித்து மறுபடியும் தட்டிப் பார்க்கிறார். விளம்பரப் படங்களில் இடம்பெறாத இந்தக் கொல்லைப்புறத்தில்தான் வீட்டின் உண்மையான அளவு தெரிகிறது.

உப்புக் காற்று தனி வரி வசூலிக்கிறது. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456, கடற்கரைச் சூழலுக்கு வெளிப்படும் கான்கிரீட்டைக் கடுமையான வகையில் சேர்க்கிறது. அதன்படி குறைந்தது எம்30 தரமும், கம்பியின் மேல் 45 மி.மீ. காப்பும் தேவை. இதை விட்டுவிட்டால் சில ஆண்டுகளிலேயே துரு ஊதிக் கூரைப் பூச்சு பெயர்ந்து விழும். வாடகை வீட்டில் அந்தக் கூரைக்குக் கீழே உறங்குவது வேறொருவரின் குடும்பம்.

4. மணலுக்குள் இருக்கும் நீர்

பக்கிங்காம் கால்வாய்க்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்பட்டை வெறும் நிலமல்ல, நீர்த்தொட்டி. சென்னைக்கு ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 1,400 மி.மீ. மழை கிடைக்கிறது. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை மழை. மணல்மேடு அதை உறிஞ்சி அடியில் நன்னீராக வைத்துக்கொள்கிறது. எடை கூடிய கடல்நீரின்மேல் இந்த நன்னீர் மிதந்து நிற்கிறது. கைபன்–ஹெர்ஸ்பெர்க் விதி இதற்கு ஒரு தோராயக் கணக்கு தருகிறது: கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீட்டர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழத்துக்கு அது உப்புநீரைத் தள்ளி வைத்திருக்கும். மேலே ஒரு சாண் இறங்கினால் கீழே உப்பு நாற்பது சாண் ஏறும் என்பது அதன் மறுபக்கம். பெருநகர வளர்ச்சித் திட்டம் உத்தண்டி வரையிலான கரையை நிலத்தடி நீர் செறிவூட்டும் பகுதியெனத் தனியாகக் குறித்துக் கட்டடப் பரப்பைக் கட்டுப்படுத்துவதற்கும் இதுவே காரணம்.

இதற்கு மேல் ஒரு சனிக்கிழமையை வைத்துப் பார்க்கலாம். வீட்டுக்கு ஆள் ஒன்றுக்கு நாளுக்கு 135 லிட்டர், ஓட்டலுக்குப் படுக்கை ஒன்றுக்கு 180 லிட்டர் என்பது பொறியாளர்கள் பயன்படுத்தும் அளவு. ஐந்து பேர் குடும்பத்துக்கு நாளுக்கு 675 லிட்டர் போதும். அதே கூரையின்கீழ் நாற்பது பேர் விருந்தினராகத் தங்கினால் 7,200 லிட்டர், அதாவது பத்து மடங்குக்கு மேல். பத்து மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம் உள்ள குளத்தை ஒருமுறை நிரப்ப 75,000 லிட்டர் வேண்டும். நாளுக்கு 5 மி.மீ. ஆவியானால்கூட அதில் 250 லிட்டர் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் எதற்கு இன்னொரு நீச்சல் குளம் என்று தோன்றும். வங்கக்கடலின் உள்ளிழுப்பு பலரைக் கொண்டுபோயிருக்கிறது, குழந்தைகளோடு வரும் கூட்டத்துக்குக் குளம்தான் பாதுகாப்பு. அதை மறுக்க மாட்டேன். நீர் எங்கிருந்து வருகிறது என்பதே கேள்வி. ஆழ்துளைக் கிணறு உப்புக் கரித்தபின் லாரித் தண்ணீர் வருகிறது. அந்த லாரி நிரம்புவது உள்நாட்டில் வேறோர் ஊரின் கிணற்றில்.

உள்ளே போன நீர் வெளியே வர வேண்டும். செப்டிக் டேங்க் சீரான வரத்தை நம்பி வேலை செய்வது. வாரத்தில் ஐந்து நாள் காவலாளி குடும்பத்தின் கழிவு மட்டும் சேரும் தொட்டியில், ஒரே இரவில் நாற்பது பேரின் கழிவும் சமையல் எண்ணெயும் பாயும்போது, கசடு அடியில் தங்க நேரமில்லை. கலங்கிய நீர் அப்படியே உறிஞ்சுகுழிக்குத் தள்ளப்படுகிறது. களிமண் நிலமாக இருந்தால் குழி நிரம்பி வழிந்து தவறைக் காட்டிக்கொடுக்கும். மணல் மறுப்பின்றி வாங்கிக்கொள்ளும். நாற்றமில்லை, தேக்கமில்லை, புகாரும் இல்லை. பக்கத்துக் குப்பத்தின் அடிபம்பில்தான் அது வெளிப்படும். இந்தக் கரையின் மிகப் பெரிய ஆபத்தாக நான் கருதுவது, எதையும் மறைத்துவிடும் மணலின் இந்தக் குணத்தையே.

5. சட்டத்தின் இரண்டு வாசல்கள்

1991 பிப்ரவரி 19 அன்று வெளியான கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையும், அதன் இடத்தில் 2011-இல் வந்த அறிவிக்கையும், ஊரகக் கடற்கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதுக் கட்டுமானத்தைத் தடுத்தன. 2019-இல் வந்த அறிவிக்கை மக்கள் அடர்ந்த ஊரகப் பகுதிகளில் இத்தொலைவை 50 மீட்டராகக் குறைத்தது. இத்தளர்வு விவாதத்துக்குரியது. ஆயினும் அதிகம் பேசப்படாத இன்னொரு வேறுபாடு நம் பொருளுக்கு நெருக்கமானது.

கடற்கரை விடுதிக்கென 1991, 2011 அறிவிக்கைகள் தனி இணைப்பில் விதித்த நிபந்தனைகள் கடுமையானவை. மனை குறைந்தது 0.4 ஹெக்டேர், ஏறத்தாழ 18 கிரவுண்டு, இருக்க வேண்டும். எல்லாத் தளங்களும் சேர்ந்த பரப்பு மனையில் 33 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 200 மீட்டருக்குள் நிலத்தடி நீரை எடுக்கக் கூடாது, மணல்மேட்டைச் சமன் செய்யக் கூடாது. இரு விடுதிகளுக்கு நடுவே பொதுமக்கள் கடலுக்குப் போக 20 மீட்டர் அகல வழி விட வேண்டும்.

200 முதல் 500 மீட்டர் வரையிலான பகுதியில் வீடு கட்டுவதற்கும் இடமுண்டு. அது மீனவ ஊர்கள் போன்ற பாரம்பரியக் குடியிருப்புகளின் உரிமையை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஒன்பது மீட்டர் உயரம், தரைத்தளமும் ஒரு மாடியும் என்பன அதன் வரம்புகள். வலைக்காரர் வாழ்வதற்குத் திறந்துவைத்த அந்த வாசல் வழியாகவே, நாலைந்து கிரவுண்டு மனையில் எழும் வாடகை மாளிகையும் நுழையப் பார்க்கிறது. விடுதி என்று சொன்னால் 18 கிரவுண்டும் பொதுவழியும் தேவை, வீடு என்று சொன்னால் தேவையில்லை. மத்தியச் சுற்றுலா அமைச்சகத்தின் இல்லத் தங்கல் திட்டமும் இதற்குப் பொருந்தாது. அத்திட்டம் ஆறு அறை, பன்னிரண்டு படுக்கை என்ற உச்ச வரம்பை வைத்து, உரிமையாளர் அங்கேயே குடியிருக்க வேண்டும் என்கிறது. ஆக, நாற்பது பேர் தங்கும் வீடு எந்த அட்டவணையிலும் தன் உண்மையான உருவில் பதிவாவதில்லை.

6. குப்பம்

முட்டுக்காட்டை அடுத்த கரிக்காட்டுக்குப்பம் 2004 சுனாமியில் அழிந்தது. மக்கள் உள்ளே தள்ளிக் குடியமர்த்தப்பட்டார்கள், இடிந்த வீடுகள் கரையில் கிடந்தன. 2005 மார்ச்சில் வந்த அரசின் வீட்டுவசதி ஆணை, 200 மீட்டருக்குள் இருந்தவர்கள் அப்பால் வரச் சம்மதித்தால் புதுவீடு, அங்கேயே இருப்பதென்றால் உதவி இல்லை என்றது. பாதுகாப்பே நோக்கம், அதில் குறை காண்பதற்கில்லை. ஆனால் கடலை நம்பிப் பிழைப்பவருக்கு ஆபத்தான அதே கரை, கடலைப் பார்க்க வருபவருக்கு மட்டும் எப்படிப் பாதுகாப்பானது? இதற்கு இதுவரை நேரான விடை கிடைக்கவில்லை.

அன்றாடப் பிணக்கு சிறிய விஷயங்களில் எழுகிறது. கரைவலை இழுக்கவும் கருவாடு காயவைக்கவும் மணல் நீளவாக்கில் தடையின்றி வேண்டும். புல்வெளியை அலை வரை நீட்டும் வேலி அதை அறுக்கிறது. அடும்பங்கொடியையும் இராவணன்மீசையையும் களை என்று பிடுங்கி எறிந்துவிட்டுக் கொரியப் புல் பதிக்கிறார்கள். மணலைக் கட்டி வைத்திருந்த வேர்கள் போனபின் அதைக் காக்கக் கல் கொட்டுகிறார்கள். தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும் கரை இது. சுமார் ஐம்பது நாளில் வெளிவரும் குஞ்சுகள் வெளிச்சமுள்ள பக்கம் நகரும் இயல்புடையவை. கடல்மேல் ஒளிரும் வானம் அவற்றுக்கு வழிகாட்டியாக இருந்தது. மொட்டைமாடி விளக்கு அவற்றை நிலத்துப் பக்கம் இழுத்துவிடுகிறது.

7. வட கரோலினா ஒப்பீடு

பெருங்குழுக் கடற்கரை வீட்டை நம்மைவிட முன்பே பெருமளவில் கட்டிப் பார்த்த இடம் அமெரிக்காவின் வட கரோலினாவிலுள்ள அவுட்டர் பேங்க்ஸ் மணல்தீவுகள். அங்கே 1974-இல் கடலோர நிர்வாகச் சட்டம் வந்தது. கடல் ஆண்டுக்கு எத்தனை அடி கரையை அரிக்கிறது என்று அளந்து, அதன் முப்பது மடங்கு தள்ளிச் சிறு வீடு, 5,000 சதுர அடிக்கு மேற்பட்டால் அதற்கும் கூடுதல் மடங்கு தள்ளி என்று விதித்தார்கள். சுமார் 15,000 சதுர அடியில், மூன்று கட்டடங்களை நடைகூடத்தால் இணைத்து ஒற்றைக் குடும்ப வீடு என்று அனுமதி பெற்ற ஒரு கட்டுமானம் அவ்வகை வீடல்ல என்று மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016-இல் தீர்ப்பளித்தது. அதே தீவுகளில் ரொடாந்தே ஊரில் 2020-க்குப் பின் பத்துக்கு மேற்பட்ட வீடுகள் கடலில் சரிந்தன. ஆகவே அந்த மாதிரியை முழுதாக எடுத்துவர வேண்டியதில்லை. எடுத்துவரத் தக்கது ஒன்றுண்டு: படுக்கையறைக்கு இருவர், அறைக்கு நாளுக்கு 120 கேலன், அதாவது சுமார் 450 லிட்டர், கழிவுநீர் என்ற கணக்கில் செப்டிக் அனுமதி தருகிறார்கள். தொட்டி எத்தனை பேரைத் தாங்குமோ அத்தனை பேரே தங்கலாம்.

8. அளவுகோல்

நமக்கும் இதுவே தொடக்கமாகலாம். கரைவீட்டை வாடகைக்கு விட விரும்புபவர் தங்குவோர் உச்ச எண்ணிக்கையை முதலில் அறிவிக்க வேண்டும். செப்டிக் தொட்டியும் உறிஞ்சுகுழியும் அந்த எண்ணுக்கு ஏற்பச் சோதிக்கப்பட வேண்டும், எண்ணெய்க் கழிவுக்குத் தனித் தொட்டி இருக்க வேண்டும். எண் பன்னிரண்டைத் தாண்டினால் அந்த வீட்டுக்கும் விடுதியின் நிபந்தனைகள் பொருந்த வேண்டும். நாலைந்து கிரவுண்டு மனைக்கு 18 கிரவுண்டு விதியைப் பின்னோக்கிப் போட முடியாதென்றால், அடுத்தடுத்த மனைக்காரர்கள் சேர்ந்து பொதுவழியையும் ஒரே சுத்திகரிப்பு அமைப்பையும் தரச் செய்யலாம். வாயிற்கதவிலேயே அந்த எண்ணைத் தமிழில் எழுதிவைத்தால், ஊராட்சி மன்றமும் குப்பத்துப் பஞ்சாயத்தாரும் கேட்பதற்கு ஓர் ஆதாரம் இருக்கும். முன்பணம் கட்டும் குடும்பமும் எத்தனை பேரை அழைக்கலாம் என்று அறிந்தே அழைக்கும்.