பாஸைத் தூக்கிட்டு விண்டோஸ் போடுங்க

2000-களின் நடுவில் பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தவர்களுக்கு ஸ்டார் ஆபீஸ் என்ற பெயர் மறந்திருக்காது. பாடநூலின் முதல் தொகுதியில் பெரும்பகுதி அதுதான்; இரண்டாம் தொகுதி சி++. கடிதம் அடிப்பது, அட்டவணை போடுவது, ஸ்லைடு தயாரிப்பது என எல்லாவற்றுக்கும் எந்த மெனுவை அமுக்க வேண்டும் என்று மனப்பாடம் செய்து பரீட்சை எழுதிவிட்டு வெளியே வந்தால், பஸ் ஸ்டாண்டு அருகிலிருந்த கம்ப்யூட்டர் சென்டரின் போர்டில் எம்.எஸ். ஆபீஸ் என்று எழுதியிருக்கும். டிடிபி கடையில் வேலை கேட்டுப் போனால் ‘வேர்டு தெரியுமா தம்பி?’ என்பதுதான் முதல் கேள்வி. அரசுக்கு ஒரு கணினி, ஊருக்கு வேறொரு கணினி என்ற நிலை அப்போதே தொடங்கிவிட்டது.

பெரம்பலூரும் அரியலூரும் இதற்கு நல்ல சாட்சி. 1995 வரை இரண்டும் திருச்சி மாவட்டத்தில் இருந்தன. பெரம்பலூர் அந்த ஆண்டு தனி மாவட்டமானது. அதிலிருந்து அரியலூர் 2001-ல் பிரிந்தது, 2002-ல் மறுபடி ஒட்டிக்கொண்டது, 2007 நவம்பரில் மீண்டும் பிரிந்தது. எந்த மாவட்டம் என்பதே நிலையில்லாமல் இருந்த அந்தப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில்தான் விண்டோஸ் 98-ம் எக்ஸ்பியும் இங்கே வந்து சேர்ந்தன. ஒரு பக்கம் சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். இன்னொரு பக்கம் சுண்ணாம்புக்கல், சிமென்ட் ஆலை. மானிட்டர் முதல் மவுஸ் வரை எல்லாமே திருச்சி சிங்காரத்தோப்பிலிருந்தோ சென்னை ரிச்சி தெருவிலிருந்தோ பஸ்ஸில் வர வேண்டும்.

அதனால் இங்கே ஒரு கணினியை எடைபோட்டவர்கள் பிராண்டைப் பார்க்கவில்லை. ரிப்பேரானால் யார் பார்ப்பார் என்று பார்த்தார்கள். அசெம்பிள் செய்த கணினிக்கு மவுசு வந்ததன் காரணம் விலை மட்டுமில்லை. கேபினட்டைத் திருகிக் கழற்றி, ராமைப் பிடுங்கி, அதன் தங்கநிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து, மறுபடி ‘டக்’கென்று அமுக்கினால் பீப் சத்தம் நின்று திரை உயிர்பெறும். இந்த வைத்தியத்தை எந்தக் கம்பெனிக் கையேடும் சொல்லித் தரவில்லை. சர்வீஸ் செய்யும் அண்ணன்கள் கைப்பழக்கத்தில் கற்றார்கள். சுண்ணாம்புக்கல் லாரி ஓடும் சாலையோரக் கடையென்றால் பிராசஸர் விசிறியில் படியும் புழுதியை புளோயர் வைத்து ஊதுவதும் சேர்ந்துகொள்ளும்.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுகளின் கதை தனி. தட்டச்சு மெஷின் வரிசைக்குப் பக்கத்தில் இரண்டு கணினிகள் வந்து உட்கார்ந்தன. அரசு வேலைக்கான ‘சிஓஏ’ தேர்வு அவற்றுக்கு ஆள் சேர்த்தது. அங்கே கணினியின் தரத்தை அளந்த கோல் எழுத்துரு. பாமினியில் அடித்த கல்யாணப் பத்திரிகையை அந்த எழுத்துரு இல்லாத அச்சகத்தில் திறந்தால் கிறுக்கலாகத்தான் தெரியும். எனவே ‘பாமினி இருக்கா, வானவில் இருக்கா’ என்று விசாரித்துவிட்டுத்தான் ஃபிளாப்பியையோ பென் டிரைவையோ கொண்டுபோவார்கள். தமிழ் யுனிகோடு விண்டோஸ் 2000-லேயே வந்துவிட்டது. தமிழக அரசு அதை ஏற்று ஆணையிட்டது 2010-ல். அந்தப் பத்து ஆண்டுத் தாமதத்தின் விலையைக் கட்டியவர்கள் சிற்றூர் டிடிபிக்காரர்கள்தான்.

விளையாட்டில் இந்தச் சங்கடமே இருக்கவில்லை. ‘டிவி கேம்’ என்று சொல்லி விற்ற பெட்டிகளில் பல, ஜப்பானில் 1983-ல் நிண்டெண்டோ வெளியிட்ட ஃபாமிகாமின் நகல்கள். கேசட்டின் மேல் ‘9999999 இன் 1’ என்று அச்சடித்திருக்கும். உள்ளே இருப்பதோ திரும்பத் திரும்ப வரும் சில ஆட்டங்கள். மாரியோவும் கான்ட்ராவும் ஓடினால் போதும், ஒரிஜினலா நகலா என்று எந்தப் பையனும் கேட்கவில்லை.

பெரிய திருப்பம் 2011 செப்டம்பர் 15. திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முதல் ஆண்டுக்கு ஒதுக்கீடு 912 கோடி ரூபாய், கொள்முதல் பொறுப்பு எல்காட் நிறுவனத்துக்கு. 2020 வரை 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் மாணவர்கள் கைக்குப் போயின. வீட்டுக்கு வந்த முதல் கணினியே அதுதான் என்ற குடும்பங்கள் இந்த இரு மாவட்டங்களில் ஏராளம். வந்த நேரமும் அப்படி. 2012-ல் சென்னைக்கு வெளியே மின்வெட்டு ஆளை வதைத்தது. யுபிஎஸ் ‘கீ கீ’ என்று கத்தி ஓய்ந்தபின் டெஸ்க்டாப் வெறும் பெட்டி. மடிக்கணினியில் மட்டும் படம் ஓடிக்கொண்டிருக்கும். பிராசஸரின் வேகத்தைவிட பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கிறது என்பதே பேச்சாக இருந்ததில் வியப்பென்ன?

அந்த மடிக்கணினிகள் பலவற்றில் பாஸ் லினக்ஸ் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007-ல் வெளியிட்ட இயங்குதளம் அது. எல்காட் மடிக்கணினித் திட்டத்துக்கு முன்பே, சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, சூசே லினக்ஸுக்கு மாறிப் பார்த்திருந்தது. உரிமக் கட்டணம் இல்லை, வைரஸ் தொல்லை குறைவு, தமிழ் உண்டு. காகிதத்தில் எல்லாம் சரி. ஆனால் பையன்கள் சர்வீஸ் கடைக்குப் போய்ச் சொன்னது வேறு: ‘அண்ணே, பாஸைத் தூக்கிட்டு விண்டோஸ் போடுங்க.’ அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. சென்டரில் கற்றது விண்டோஸ், நண்பன் பென் டிரைவில் தந்த கேம் ஓடுவது விண்டோஸில், சிக்கல் வந்தால் பக்கத்துத் தெரு அண்ணனுக்குத் தெரிந்ததும் அதுவே. லினக்ஸ் அறிந்த ஒரு ஆளைக்கூடத் தாலுகாவுக்குத் தராமல் லினக்ஸை மட்டும் தந்ததில்தான் கோளாறு.

செல்போனில் தீர்ப்பு இன்னும் விரைவாக வந்தது. டார்ச் வைத்த நோக்கியா 1100-க்குக் காடுகழனியில் இருந்த மதிப்பு தெரிந்ததே. பிறகு இரட்டை சிம்மும் காதைப் பிளக்கும் ஸ்பீக்கருமாக ‘சைனா செட்’ வந்தது. ஐஎம்இஐ எண் இல்லாத செட்டுகளுக்கு 2009 டிசம்பரில் இணைப்பைத் துண்டித்தபோது, மலிவு விலைக்கு வாங்கியவர்கள் கடைகளை மொய்த்தார்கள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் மடிக்கணினி அலமாரிக்குப் போனது. 2020-ல் தடை விதிக்கப்படும் வரை பப்ஜி போனில் ஓடியது. அந்தப் போன்களின் ஆண்ட்ராய்டுக்கு அடியில் இருப்பது லினக்ஸ் என்பது வேடிக்கை.

கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கைக்கணினி அல்லது மடிக்கணினி என்று 2025 மார்ச் பட்ஜெட்டில் அரசு அறிவித்தது. இனி டெண்டர் எழுதும் அதிகாரிகள் ஒருமுறை பெரம்பலூருக்கோ அரியலூருக்கோ பஸ் ஏறி வந்து, பழைய மடிக்கணினிகளைக் கழற்றிப் பூட்டிய சர்வீஸ் கடைக்காரர்களிடம் எது உழைத்தது, எது முதலில் போனது என்று கேட்டுவிட்டுப் போகட்டும்.