மணிக்கட்டுக்கு ஒரு முட்டு

சில மாதங்களுக்கு முன்னால் உறவுக்காரப் பையன்களோடு ஒரு பௌலிங் அரங்குக்குப் போயிருந்தேன். பக்கத்து லேன்ல விளையாடினவர் புறங்கையிலிருந்து முன்கையின் பாதி வரைக்கும் ஒரு உலோகத் தகட்டை வெச்சு, பட்டை போட்டு இறுக்கியிருந்தார். "கையில அடியா சார்?" என்று கேட்டேன். "அடியெல்லாம் இல்லீங்க, இது இல்லேன்னா பந்து திரும்பாது" என்றார். பெரியவன் என் காதில், "அப்போ இது கள்ளாட்டம்தானே மாமா?" என்றான். அதே நேரம் சின்னவன் பந்தை ரெண்டு கையாலும் தூக்கிப் போடப் போக, "ஒழுங்கா ஒரு கையால போடு" என்று நான் அதட்டினேன்.

பெரியவன் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. அதற்காகப் படிக்க ஆரம்பித்தது, கடைசியில் சின்னவனிடம் கொண்டுபோய் விட்டது. அந்தக் கதைதான் இது.

முதல்ல, பந்து ஏன் திரும்பணும்? கோட்டிலிருந்து முதல் பின் வரைக்கும் 60 அடி. லேனின் அகலம் மூன்றரை அடிக்கும் கொஞ்சம் குறைவு. ஓரத்திலிருந்து நேராக உருட்டினாலும் பந்து பின்களுக்குள் நுழையும் கோணம் ஒன்றரை டிகிரியைத் தாண்டாது. ஆனால் பத்தும் ஒரே அடியில் விழ, முதல் பின்னுக்கும் மூன்றாவது பின்னுக்கும் நடுவே சுமார் 6 டிகிரியில் நுழைவதுதான் நல்லது என்கிறார்கள். நேர்கோட்டில் அது நடக்காது. பந்து எண்ணெய் தடவிய முன்பகுதியில் வழுக்கிப் போய், எண்ணெய் முடிந்த இடத்தில் தரையைப் பிடித்து வளைய வேண்டும். அதுக்குப் பேர்தான் ஹூக். நம்ம ஊர் ஆளுக்குச் சொன்னால், லெக் ஸ்பின் மாதிரி.

அந்தச் சுழலைக் கொடுப்பது கை. உள்ளங்கையைக் கிண்ணம் போலக் குவித்து, பந்துக்கு அடியில் வைத்திருந்தால், கட்டைவிரல் முதலில் கழன்று, நடுவிரலும் மோதிரவிரலும் பந்தைத் தூக்கிச் சுழற்றும். மணிக்கட்டு பின்னால் மடங்கிவிட்டால் சுழல் போச்சு. பந்தோ 16 பவுண்டு வரை, அதாவது ஏழேகால் கிலோ வரை இருக்கலாம். கை வீசி வரும்போது அது இழுக்கிற இழுப்பு, சும்மா தூக்கி நிற்கும்போது இருப்பதைவிட அதிகம். அதை மணிக்கட்டு தாங்கணும். தாங்காதபோது தகடு தாங்கும். அவ்ளோதான் அந்தக் கருவியின் வேலை. உள்ளங்கையில் மெத்தை வைத்த தோல் கையுறையிலிருந்து, மணிக்கட்டின் கோணத்தையே திருகி மாற்றிக்கொள்ளும் உலோகக் கட்டு வரை இதில் பல வகை உண்டு.

இதெல்லாம் எப்போது இவ்வளவு முக்கியமாச்சு என்று பார்த்தால், பந்தின் வரலாற்றைத்தான் பார்க்கணும். ஆரம்பத்தில் லிக்னம் விட்டே என்ற இறுகிய மரத்தில் பந்து செய்தார்கள். 1905-ல் எவர்ட்ரூ என்ற ரப்பர் பந்து வந்தது. 1914-ல் பிரன்ஸ்விக் நிறுவனம் மினரலைட் பந்தைக் கொண்டுவந்தது. கெட்டி ரப்பர் பந்துகள் பல பத்தாண்டுகள் ஆண்டன. அந்தக் காலத்தின் பெரிய நட்சத்திரம் செயின்ட் லூயிஸ்காரர் டான் கார்ட்டர். முழங்கையை மடக்கி, உடம்பைக் குனிந்து பந்தைத் தள்ளிவிடுவார். எந்தப் பாடப்புத்தகமும் சொல்லாத முறை. அதில் முக்கியம் குறிதான், அசுரச் சுழல் இல்லை.

1973-ல் டான் மெக்யூன் என்பவர் பிளாஸ்டிக் பந்தை ரசாயனத்தில் ஊறவைத்து மேற்பரப்பை மென்மையாக்கினார். பந்து லேனை நன்றாகப் பிடித்தது. அந்த ஒரே ஆண்டில் 6 பட்டங்கள். கொஞ்ச வருஷத்திலேயே பந்தின் கடினத்தன்மைக்குக் குறைந்தபட்ச அளவை விதித்துவிட்டார்கள். அதே பத்தாண்டில் புரூக்ளின்காரர் மார்க் ராத் மூர்க்கமாகச் சுழற்றி வீசி, 1978-ல் மட்டும் 8 பட்டங்கள் வென்றார். அவர் கட்டைவிரல் கிழிந்து புண்ணாகிக் கிடந்தது ஊரறிந்த கதை. 1980-களின் தொடக்கத்தில் யூரித்தேன் பந்தும், 1990-களின் தொடக்கத்தில் ரியாக்டிவ் ரெசின் பந்தும் வந்தன. இரண்டும் லேனை இன்னும் இறுகப் பிடிப்பவை. இனி சுழல் இருக்கிறவனுக்குத்தான் பந்து முழுப்பலன் தரும். ஆனால் எல்லோருக்கும் ராத்தின் கை வாய்க்குமா? இந்த இடத்தில்தான் ரிஸ்ட் சப்போர்ட் சாதாரண ஆளின் பைக்குள் நுழைகிறது.

பெரியவன் கேட்டதற்கு இப்போது பதில் சொல்லலாம். கிரிக்கெட்டில் முழங்கையை 15 டிகிரிக்கு மேல் நிமிர்த்தினால் த்ரோ. பௌலிங் விதியின் கண் பெரும்பாலும் பந்தின் மேல்தான். எடை, கடினத்தன்மை, துளைகள் எல்லாத்துக்கும் அளவு உண்டு. மெக்யூனின் ஊறல் வேலைக்குக் கடிவாளம் விழுந்தது. ரிஸ்ட் சப்போர்ட்டுக்கு இன்றைக்கும் அனுமதி உண்டு. தகடு பந்துக்கு விசை எதையும் சேர்ப்பதில்லை, கையை ஒரு நிலையில் நிறுத்துகிறது. ஆகவே கள்ளாட்டம் இல்லை. ஆனால் ஒரு கடன். மணிக்கட்டு தானாகக் கற்க வேண்டியதைத் தகடு செய்துகொடுக்கிறது. கழற்றும் நாளில் கணக்கு தெரிந்துவிடும். வயதானவருக்கும் மணிக்கட்டில் வலி உள்ளவருக்கும் அந்தக் கடன் நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். அது இல்லாவிட்டால் அவர்கள் ஆட்டத்தையே விட வேண்டியிருக்கும்.

இதில் யாரும் எதிர்பார்க்காத திருப்பம் ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவில் ஆரஞ்சு என்ற ஊரில் ஒரு தம்பதி பௌலிங் அரங்கு நடத்தினார்கள். ஒன்றரை வயது மகனுக்குப் பந்தை ஒரு கையால் தூக்க முடியவில்லை. ரெண்டு கையாலும் உருட்டினான். வளர்ந்த பிறகு ஒரு கைக்கு மாறச் சொன்னவர்கள் பேச்சை அவன் கேட்கவில்லை. அவர்தான் ஜேசன் பெல்மோன்ட். அமெரிக்கத் தொழில்முறை ஆட்டத்தில் 15 மேஜர் பட்டங்கள், இன்றுவரை அதுதான் அதிகபட்சம். பின்லாந்தின் ஓஸ்கு பலெர்மாவும் ரெண்டு கை ஆள்தான். இந்த முறையில் கட்டைவிரல் துளைக்குள் போவதே இல்லை. இடது கை கடைசி நொடி வரை பந்தைத் தாங்குவதால், வலது மணிக்கட்டு மடங்காமல் குவிந்தே இருக்கிறது. தகடு செய்த வேலையை இன்னொரு கை செய்கிறது.

இதைப் படித்த அன்றைக்குச் சின்னவனுக்குப் போன் போட்டேன். "அன்னிக்கு நான்தான்டா தப்பாச் சொன்னேன். உனக்கு எப்படி வருதோ அப்படியே போடு" என்றேன். அவன் அந்தச் சம்பவத்தையே மறந்துவிட்டிருந்தான். "சரி மாமா, எப்ப கூட்டிட்டுப் போறீங்க?" என்றான்.