கட்டாத வீட்டில் ஒரு நடை

சென்ற ஞாயிற்றுக்கிழமை என் அக்கா வீட்டாரின் புது வீட்டுக்குள் போய், கூடம், அடுக்களை, மாடி எல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தேன். வீடு இன்னும் கட்டப்படவில்லை.

அத்தான் திருமுல்லைவாயலில் அரை கிரவுண்டு மனை வாங்கியிருக்கிறார். பாங்கிக் கடன் மஞ்சூராகிவிட்டது. அக்கா பெண் பூந்தமல்லிக்கு அப்பால் ஒரு கல்லூரியில் கட்டடக்கலை நாலாம் ஆண்டு படிக்கிறாள். பிளான் போடும் பொறுப்பு அவளுடையது. (கையெழுத்துப் போட வேறு எஞ்சினீயர் இருக்கிறார், பயப்பட வேண்டாம்.) அவளுடைய கம்ப்யூட்டரில்தான் நாங்கள் அந்த வீட்டுக்குள் நடந்தோம். விசையை அழுத்தினால் கதவு திறக்கிறது. இன்னொன்றை இழுத்தால் காலை மாலையாகிறது. ஜன்னல் வெயில் தரையில் ஊர்ந்து சுவரில் ஏறுகிறது.

"இதுதான் மாமா ரியல் டைம் ரெண்டரிங்" என்றாள். முன்கூட்டியே எழுதி வைத்த படமல்ல; நாம் திரும்பும் அந்தக் கணத்தில், விநாடிக்கு முப்பதோ அறுபதோ படங்களை இயந்திரம் புதிதாக வரைந்து தள்ளுகிறது. அவளுக்கு இது பாடம். இதற்கு மார்க்கும் உண்டு.

கிண்டியில் 1957-ல் கட்டடக்கலைத் துறை தொடங்கியபோது மாணவர்கள் வரைபலகையும் டி-ஸ்கொயரும் இந்தியன் மையுமாகத்தான் உட்கார்ந்தார்கள். பிளான் என்பது மேலிருந்து பார்ப்பது, எலிவேஷன் எதிரில் நின்று பார்ப்பது, செக்ஷன் கத்தியால் அறுத்துப் பார்ப்பது. இந்த மூன்றையும் மனத்துக்குள் சேர்த்து ஒரு வீடாக எழுப்பத் தெரிந்தவனே கட்டடக் கலைஞன். வீட்டுக்காரருக்கோ அந்த வித்தை வராது. நீலப் படத்தைப் பார்த்துத் தலையை ஆட்டுவார், வீடு எழும்பிய பிறகு, "ரூம் இவ்வளவு சின்னதா?" என்பார். எத்தனையோ குடும்பங்களில் ஆயுள் முழுக்கச் சேர்த்த பணம் இந்த ஒரு கேள்வியில் வந்து முட்டிக்கொண்டு நின்றிருக்கிறது.

கிண்டி மாணவர்கள் மை தொட்டு வரைந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1963-ல், அமெரிக்காவில் ஐவன் சதர்லண்ட் என்ற ஆராய்ச்சி மாணவர் எம்.ஐ.டி.யில் 'ஸ்கெட்ச்பேட்' என்ற ஒன்றைச் செய்து காட்டினார். ஒளிப்பேனாவால் திரையைத் தொட்டுக் கோடு இழுத்தால், கம்ப்யூட்டர் அந்தக் கோட்டை நேராக்கும், நினைவில் வைத்துக்கொள்ளும், மாற்றச் சொன்னால் மாற்றும். பிறகு யூட்டா சர்வகலாசாலையில் மார்ட்டின் நியூவெல் தம் வீட்டுத் தேநீர்க் கூஜாவைக் கணக்காக மாற்றிக் கொடுத்தார். 1975-லிருந்து உலகத்து ஆராய்ச்சிக்காரர்கள் எல்லாரும் அந்த ஒரு கூஜாவையே மாற்றி மாற்றி வரைந்து பழகினார்கள்.

ஆனால் நிழலும் பிரதிபலிப்புமாக ஒரு நல்ல படம் வர மணிக்கணக்காயிற்று. படத்தைப் பார்க்கலாம், படத்துக்குள் நடக்க முடியாது.

நடந்து காட்டியவர் ஃபிரெட் புரூக்ஸ். வட கரோலினா சர்வகலாசாலையில் கம்ப்யூட்டர் துறைக்கென்று சிட்டர்சன் ஹால் என்ற கட்டடம் எழ இருந்தது. எழுவதற்கு முன்பே அவரும் மாணவர்களும் அதைக் கம்ப்யூட்டரில் கட்டி, உள்ளே நடக்க வழி செய்தார்கள். நடக்கிறவர் கால் வைக்க, கைப்பிடி வைத்த ஓடும் பட்டை ஒன்றும் இருந்தது. நடந்து பார்த்ததில் முன்கூடத்துத் தடுப்புச் சுவர் ஒன்று இடத்தை நெருக்குவது தெரிந்தது. காகிதத்தில் சரியாக இருந்த சுவர்தான். உள்ளே நடந்து பார்த்த பிறகே அது நகர்த்தப்பட்டது. கட்டடம் 1987-ல் திறக்கப்பட்டது.

பிறகு இந்த வித்தையை மாணவர் மேஜைக்குக் கொண்டுவந்தது எது தெரியுமா? பையன்களின் துப்பாக்கி விளையாட்டு. 1998-ல் வந்த 'அன்ரியல்' விளையாட்டின் எஞ்சின் 2015-ல் எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. அதற்குள் கட்டடக்காரர்களுக்கென்றே 'லூமியான்' போன்றவை வந்துவிட்டன. பிள்ளைகள் விளையாடிக் கெடுகிறார்கள் என்று நாம் புலம்பிய சரக்குதான் இன்று அவர்களுக்குப் பாடம்.

இந்த வசதியில் ஒரு விஷமும் இருக்கிறது. இந்த இயந்திரம் எதையும் அழகாக்கிவிடும். மட்டமான பிளானுக்கும் மாலை வெயிலைத் தடவி, நம் ஊரில் முளைக்காத சிவப்பு இலை மரம் இரண்டை நட்டால், பார்க்கிறவர் சொக்கிப்போவார். அக்கா பெண்ணின் ஆசிரியை இதைப் புரிந்தவர் போலிருக்கிறது. பறவைபோல் மேலே பறந்து காட்டினால் மார்க் கிடையாது. ஐந்தடி உயரத்தில், மனிதக் கண்ணால்தான் காட்ட வேண்டும். ஊரின் பெயரைக் கொடுக்காமல் வெயிலைக் காட்டவும் கூடாது.

அந்த இரண்டாவது கட்டளையில்தான் இவள் விழித்துக்கொண்டாள். வடக்கு வெளிச்சம் குளுமை என்று ஐரோப்பியப் புத்தகத்தை நம்பிக் கூடத்துக்கு வடக்கே பெரிய கண்ணாடி வைத்திருந்தாள். சென்னை பதின்மூன்று டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, அங்கிருந்து ஆகஸ்டு மூன்றாம் வாரம் வரை வடக்கே சாய்ந்து நிற்கிறது. மே மாதத்துக் காலையையும் மாலையையும் திரையில் ஓட்டிப் பார்த்தபோது வெயில் அந்தக் கண்ணாடி வழியே சாய்வாக உள்ளே வந்து உட்கார்ந்தது. கண்ணாடி பாதியாகக் குறைந்தது. மேலே சன்ஷேடு நீண்டது.

தரை விஷயம் இன்னும் மோசம். கம்ப்யூட்டர் கொடுக்கும் தரை பச்சைக் கம்பளம். நம் தரை அப்படியா? அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, ஆவடிப் பக்கம் பருத்திப்பட்டு ஏரி, தெற்கே செம்பரம்பாக்கம் என்று ஏரிக்கு ஏரி தண்ணீர் தேடும் பூமி இது. 2015 டிசம்பரை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். போதாததற்கு, ரோடு போடும்போதெல்லாம் தெரு உயர்ந்து வீடு தாழ்கிறது. தெருவின் மட்டத்தை அளந்து மாடலில் ஏற்றிய பிறகுதான் வீட்டை மூன்றடி தூக்க வேண்டும் என்று அத்தான் ஒப்புக்கொண்டார். வாய்வார்த்தையாகச் சொன்னபோது ஒப்பவில்லை.

அன்று எங்களுடன் மேஸ்திரியும் இருந்தார். எழுபதை நெருங்கியவர். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மாடிப்படி வந்ததும் கையைத் தூக்கினார்.

"பாப்பா, கொஞ்சம் நில்லு. இங்க தலை இடிக்குமே!"

"இடிக்கலையே தாத்தா. இதோ, ஏறிட்டேன்."

"நீ ஏறிட்ட கண்ணு. உங்கப்பா ஏற முடியாது."

அளந்து பார்த்தாள். திருப்பத்தில், படிக்கும் மேலே ஓடும் உத்தரத்துக்கும் நடுவே ஐந்தடி ஒன்பது அங்குலம். விசையை அழுத்தியபோதெல்லாம் அவள் அந்தக் கான்கிரீட்டுக்குள் புகுந்துதான் மேலே போயிருக்கிறாள். கம்ப்யூட்டருக்கு நெற்றி கிடையாதே! முகம் சிவந்துவிட்டது அவளுக்கு. மேஸ்திரி சிரிக்கவில்லை. "இப்பவே தெரிஞ்சுதே. சென்ட்ரிங் பிரிச்ச அப்புறம் தெரிஞ்சா உளிதான் பேசும்" என்றார். அன்றிரவே படியை வேறு பக்கம் திருப்பிவிட்டாள்.

மனையில் இப்போது அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். போன வாரம் கம்ப்யூட்டரை அங்கேயே தூக்கிக்கொண்டு போனாள், மேஸ்திரிக்குப் புதிய படியைக் காட்ட. திறந்த வெயிலில் திரையில் ஒன்றுமே தெரியவில்லை. மேஸ்திரி தம் தோள் துண்டை உதறி, திரைக்கு மேல் பந்தல்போல் பிடித்துக்கொண்டு நின்றார். இருவரும் தலையை உள்ளே நுழைத்துப் படி ஏறிப் பார்த்தார்கள்.